பதினான்கு கிலோமீட்டருக்கு ஏற்ற வண்டி

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. செவ்வாய்க்கிழமை. தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து வெட்டும் இயந்திரத்தின் முன்னால் ஜியாவுல்லா நின்றிருந்தார். இடது கண் லென்ஸை வெட்டி பிரேமில் பொருத்தியாகிவிட்டது. வலது கண் லென்ஸைக் காகித உறையிலிருந்து எடுத்து, விளக்கில் ஒருமுறை காட்டிப் பார்த்து, நடுவில் மையால் ஒரு புள்ளி வைத்திருந்தார். அது அவருடைய நண்பர் புகழேந்தியின் கண்ணாடி. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே செய்வது. மேல்பாதியில் சாலை தெரிய வேண்டும், கீழ்ப்பாதியில் ஸ்பீடோமீட்டர் தெரிய வேண்டும். இரண்டையும் பிரிக்கும் கோடு வழக்கத்தைவிட ஒரு நூல் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துக் குறித்து வைத்திருந்தார்.

ஃபோன் அடித்தது. புகழேந்தியின் அண்ணன் தருமன்.

“ஜியா, புகழு குழாயடில விழுந்துட்டான். எனக்குக் கால் மட்டும்தான் தெரியுது. கத்திக் கத்திக் கூப்புடுறேன், அசைய மாட்டேன்றான்.”

தருமனால் எழுந்து போய்ப் பார்க்க முடியாது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய், பத்தொன்பது வருடமாகக் கட்டிலில் கிடப்பவர். வழக்கமாகப் பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் உண்ணாமலை அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அதனால்தான் புகழேந்தி வேங்கிக்கால் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார்.

ஜியாவுல்லா ஷட்டரை இறக்கினார். ஜோடியில் ஒரு லென்ஸை வெட்டி, மற்றதை வெட்டாமல் கடையைப் பூட்டுவது அவருக்கு வழக்கமில்லை. சாப்பாட்டு நேரமானாலும் தொழுகை நேரமானாலும் கையில் இருக்கும் ஜோடியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். முப்பத்திரண்டு வருடத்தில் அன்றுதான் முதல் தடவை.

அடி அண்ணாமலையில் இருந்த அந்த வீட்டுக்கு அவர் ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் புகழேந்தியை ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜியாவுல்லா திரும்பி வந்து தருமனிடம் அதைச் சொன்னார். தருமன் கூரையைப் பார்த்தபடி, “குழாய மூடுனாங்களா? தண்ணி போற சத்தம் இன்னும் கேக்குதே,” என்றார். ஜியாவுல்லா போய் மூடினார். வாளியில் தருமனின் படுக்கை விரிப்பு பாதி அலசியபடி கிடந்தது.

மூன்று மணிக்கு இன்னொரு ஃபோன். வண்டி விற்கும் ஷோரூமிலிருந்து ஒரு பெண். “சார், உங்க வண்டி வந்துடுச்சு. புகழேந்தி சார் ஃபோன எடுக்கல. நாளைக்கு டெலிவரி எடுத்துக்குறீங்களா?”

*

அந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது.

புகழேந்தி முதலில் கடைக்கு வந்தது நாற்பது வயதில், செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்கிய காலத்தில். ஜியாவுல்லா சோதனை பிரேமை அவர் மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது நல்லாத் தெரியுதா, இதுவா?” என்று கேட்டார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. திருப்பிக் காட்டுங்க.”

“இப்போ?”

“மொதல்ல காட்டுனீங்களே, அத இன்னொரு வாட்டி காட்டுங்க.”

முக்கால் மணி நேரம். முடிவில் வெறுமனே, “உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ அதையே போட்டுடுங்க,” என்றார். ஜியாவுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வெளிமாநில நம்பர். இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மூட்டை, பெட்ரோல் டாங்கின் மேல் காய்ந்துகொண்டிருந்த ஒரு பனியன். ஓட்டி வந்தவன் உடைந்த மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். இரண்டு வருடமாக வண்டியிலேயே திரிவதாகச் சொன்னான். ஜியாவுல்லா கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக் கொடுத்தார். புகழேந்தி தனக்குத் தெரிந்த இந்தியில், இந்த வண்டியை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று அவனிடம் கேட்டார். அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. வீட்டில் இது இருந்தது, எடுத்துக்கொண்டு வந்தேன் என்றான்.

அவன் போன பிறகு இருவரும் வெகுநேரம் அதையே சொல்லிச் சிரித்தார்கள். “பொறுப்பே இல்லாத ஆளு,” என்றார் புகழேந்தி. “நாம போனா ஒழுங்கா பாத்து, நல்ல வண்டியா எடுத்துக்கிட்டுப் போவணும்.” அன்றைக்குத்தான் முதன்முதலாக ‘நாம’ என்ற சொல் வந்தது. பத்தொன்பது வயதில் கடைக்குள் நுழைந்ததிலிருந்து ஊரார் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த ஜியாவுல்லாவுக்கு, அந்தச் சொல் உள்ளே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

திட்டம் எளிமையானது. இரண்டு வருடம். ஒரே வண்டி, மாற்றி மாற்றி ஓட்டுவது. இரண்டு வண்டி என்றால் பேசிக்கொண்டே போக முடியாது என்பது புகழேந்தியின் கட்சி. கடையை ஜியாவுல்லாவின் மருமகன் சாகில் பார்த்துக்கொள்வான். ஜியாவுல்லாவின் மனைவி வஜீதாவும் ஒப்புக்கொண்டாள். “ரெண்டு வருஷம்னா ரெண்டே வருஷம். மூணாவது வருஷம் வந்தீங்கன்னா பூட்டு மாத்தியிருப்பேன்,” என்றாள். தருமன் இருக்கிறாரே என்பது மட்டும்தான் பாக்கி. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. வண்டியைப் பற்றிப் பேசினார்கள்.

ஷோரூமில் ஓட்டிப் பார்க்க வண்டி கேட்டால் அரை மணி நேரம் தருவார்கள். அரை மணி நேரத்தில் எங்கே போவது என்று வேறு ஊர்க்காரன் யோசிப்பான். இந்த ஊர்க்காரனுக்கு அந்தக் கேள்வியே எழாது. மலையை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். பதினான்கு கிலோமீட்டர், நல்ல சாலை. பௌர்ணமியாக இல்லாவிட்டால் போதும். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு புகழேந்தி ஓட்டுவார். எட்டாவது கிலோமீட்டரில் அடி அண்ணாமலை. அங்கே தன் வீட்டு ஜன்னலுக்கு நேராக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்குவார். மிச்ச ஆறு கிலோமீட்டரை ஜியாவுல்லா ஓட்டுவார்.

ஜன்னலுக்கு உள்ளே தருமன். அவர் ஒரு காலத்தில் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். இவர்கள் போக ஆசைப்பட்ட ஊர்களையெல்லாம் புளி மூட்டையோடும் அரிசி மூட்டையோடும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு மழை நாளில் லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்தார். அதோடு சரி. இப்போது ஜன்னலோரம் படுத்தபடி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

“இது என்னடா, தையல் மிஷினா?”

“புது டைப்ணா. சத்தமே வராது.”

“மாடு எப்புடி ஒதுங்கும்? வேணாம் போ.”

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பட்டப்பெயர் விழுந்தது. உயரமான ஒன்று ‘ஒட்டகம்’. அதில் உட்கார்ந்தால் ஜியாவுல்லாவுக்குப் பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. இன்னொன்றுக்கு டியூப் இல்லாத டயர். நடுக்காட்டில் பஞ்சரானால் சுலபம் என்று ஜியாவுல்லாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த டயரோடு வரும் அலாய் வீல் பள்ளத்தில் விழுந்து நெளிந்தால் யாரும் நிமிர்த்தித் தரமாட்டார்கள், கம்பி வைத்த ஸ்போக் வீல் என்றால் சைக்கிள் கடைக்காரன்கூட நிமிர்த்துவான் என்று புகழேந்தி தள்ளிவிட்டார். ஸ்போக் வீல் வண்டி கிடைத்தபோது அதன் டாங்க் சின்னதாக இருந்தது. டாங்க் பெரியதாக இருந்தபோது பின் சீட்டு சரியில்லை. பின் சீட்டு சரியாக இருந்த வண்டியை அதற்கடுத்த வருடம் நிறுத்திவிட்டார்கள்.

“பதினாலு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டு ரெண்டு வருஷத்துக்கு வண்டி எடுக்குறவனுங்க இந்த ஊர்லதான்டா இருப்பீங்க,” என்பார் தருமன். “செங்கம் தாண்டிப் போய்ப் பாருங்க. அப்போ தெரியும், எது எங்க வலிக்குதுன்னு.”

“அரை மணி நேரத்துக்கு மேல குடுக்க மாட்டான்ணா.”

“அவன் குடுக்க மாட்டானா, நீ கேக்க மாட்டியா?”

அந்த நேரத்தில் பெரும்பாலும் புகழேந்தியின் சட்டைப்பையில் ஃபோன் கிணுகிணுக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை அடிக்கும் அலாரம் அது. தருமனைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கல்யாணப் பந்தியில் அடித்திருக்கிறது. ஒருமுறை ஜியாவுல்லாவின் மகள் தஹ்சீனின் நிக்காஹ்வில், எல்லோரும் துஆவுக்குக் கையேந்தியிருந்தபோது அடித்தது. புகழேந்தி செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினார்.

வேலூர்ப் பக்கம் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் இருக்கின்றன என்று சொன்னதே தருமன்தான். தங்கை மகள் ஆர்த்தி அந்த ஊரில் இருக்கிறாள், விசாரிப்பாள் என்றார். புகழேந்தி அப்போதெல்லாம் புதிதாக வரப்போகும் ஏதாவது வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். போன தீபாவளிக்கு அடுத்த நாள் தருமனுக்குப் பொறுக்கவில்லை.

“வண்டிய வாங்கித் தொலைங்கடா. வாங்காத வரைக்கும்தான் எனக்கு பயம், எப்போ போயிடுவீங்களோன்னு. வாங்கிட்டீங்கன்னா, போவ மாட்டீங்கன்னு தெளிவாத் தெரிஞ்சிடும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் போய்ப் பதிவு செய்தார்கள். முந்நூற்றைம்பது சிசி, ஸ்போக் வீல், உட்கார்ந்தால் ஜியாவுல்லாவின் பாதம் முழுதாகத் தரையில் பதிந்தது. தருமன் அதற்கு ‘எருமை’ என்று பேர் வைத்தார். “எருமைதான் மெதுவா போவும். ஆனா போயிடும்.”

ஜியாவுல்லா அப்போதும் நம்பவில்லை. நண்பர் இதிலும் ஏதாவது குறை கண்டுபிடிப்பார், பதிவைத் திரும்பப் பெறுவார் என்றுதான் நினைத்தார். நம்பியது புகழேந்தி விழுவதற்கு ஆறு நாள் முன்னால். ஓட்டுவதற்குத் தனிக் கண்ணாடி வேண்டும் என்று கடைக்கு வந்தார். ஜியாவுல்லா வழக்கம்போல முக்கால் மணி நேரத்துக்குத் தயாராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு லென்ஸ்தான் மாற்றியிருப்பார்.

“இதுதான்,” என்றார் புகழேந்தி.

“இன்னொரு வாட்டி காட்டட்டுமா?”

“வேணாம் ஜியா. இதுதான். தெளிவாத் தெரியுது.”

*

எருமை ஜியாவுல்லாவின் பேரில் வந்தது. அப்படியே செய்துவிடுங்கள் அங்கிள் என்று ஆர்த்தி சொல்லிவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் எடுத்து வந்தார். ஆனால் வஜீதா இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அடி அண்ணாமலையில், குழாயடிக்குப் பக்கத்தில் ஷீட் போட்ட இடத்தில் நிறுத்தினார். தருமன் உள்ளேயிருந்து, “எலுமிச்சம்பழம் வெக்காம எடுத்துட்டு வந்தியா, பாய்?” என்று கேட்டார். உண்ணாமலை இரண்டு பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். ஜியாவுல்லா ஏறி நசுக்கினார். தருமன் காது கொடுத்துக் கேட்டார். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் இரவுப் படுக்கை ஜியாவுல்லாவுக்கு அங்கேதான் என்று ஆகியிருந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. முதல் ஒரு வாரம் ஆர்த்தி இருந்தாள். அவளுக்குக் குழந்தை, வேலை. அவள் போன அன்று மாலை ஜியாவுல்லா ஒரு லுங்கியையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு போனார். இரண்டரை மணி நேர அலாரத்தைத் தன் ஃபோனிலேயே வைத்துக்கொண்டார். தருமனைத் திருப்ப ஒரு முறை இருக்கிறது. தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் பிடித்து, தன் முழங்காலைக் கட்டில் சட்டத்தில் ஊன்ற வேண்டும். அந்தச் சட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் போய் இரும்பு வழவழவென்று இருந்தது. புகழேந்தியின் முழங்கால் பட்ட இடம். ஜியாவுல்லா குள்ளம். அவருடைய முழங்கால் அதற்கு நான்கு விரல் கீழேதான் எட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, “ஒரு தடவ செங்கம் வரைக்கும் போயிட்டு வாடா. அவனும்தான் கேக்கல, நீயாவது கேளு,” என்று தருமன் விரட்டினார். ஞாயிற்றுக்கிழமை உண்ணாமலை வரமாட்டாள். தருமனைத் திருப்பிப் போட்டுவிட்டு, கைக்கெட்டும் இடத்தில் தண்ணீரும் ஃபோனும் வைத்துவிட்டு, ஜியாவுல்லா கிளம்பினார்.

கிரிவலப் பாதையை விட்டு மேற்கே வண்டியைத் திருப்பியபோது மலை வலப்பக்கத்திலிருந்து நழுவி, கைப்பிடியில் இருந்த பக்கக் கண்ணாடிக்குள் போனது. பன்னிரண்டு வருடத்தில் ஏழெட்டு வண்டி ஓட்டிப் பார்த்தும், வண்டியின் கண்ணாடியில் மலையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் பதினான்கு கிலோமீட்டர் அருமை. பதினெட்டில் நடுமுதுகின் கீழே ஒரு புள்ளி சுட்டது. இருபத்தைந்தில் வலது உள்ளங்கை மரத்துப்போனது. செங்கத்தில் இறங்கியபோது உட்கார முடியாமல் நின்றபடியே டீ குடித்தார். சீட்டு அவருக்கு ஒத்துவரவில்லை, கைப்பிடி தூரம் ஒத்துவரவில்லை. இரண்டு வருடம் இருக்கட்டும், இரண்டு நாள்கூட இதில் போக முடியாது. அரை மணி நேரத்தில் இதெல்லாம் எப்படித் தெரியும்? டீயைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தார். டீக்கடைக்காரர், “என்ன பாய், வண்டி புதுசா? நல்லாருக்கா?” என்றார். “நல்லாருக்குங்க,” என்றார் ஜியாவுல்லா.

சீட்டை மாற்றலாம், கைப்பிடியை உயர்த்தலாம், ஒரு நாள் வேலை அது. அவர் அதை யோசித்துக்கொண்டிருந்தபோதே சட்டைப்பையில் அலாரம் அடித்தது. ஊரில் பெட்ரோல் போட வரிசையில் நின்றதிலும், வழியில் இறங்கி இறங்கி முதுகை நிமிர்த்தியதிலும் நேரம் போயிருந்தது. திரும்பும் வழியெல்லாம் வேகமாக ஓட்டினார். தூரத்தில் மலை தெரிந்தது. வீட்டுக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கும்போதே தெரிந்தது.

*

மார்ச் கடைசியில் வேலூரிலிருந்து ஆர்த்தி ஃபோன் செய்தாள். ஓர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது. “மாமா சரின்னுட்டாரு அங்கிள். நீங்க ஒரு தடவ வந்து பாத்துட்டீங்கன்னா எனக்கும் நிம்மதி.”

ஜியாவுல்லா பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தருமன் காத்திருந்தார்.

“எப்புடி இருக்கு?”

“சுத்தமா இருக்குண்ணா. ஆனா உங்க கட்டிலுக்கு நேரா ஜன்னல் இல்ல. இருக்குற ஜன்னலும் சுவத்தப் பாக்குது. ரோட்டுச் சத்தமே கேக்காது.”

“சரி.”

“கட்டில் ஒயரம் கம்மி. திருப்புறவங்களுக்கு இடுப்புப் புடிச்சுக்கும். அந்தப் பொண்ணும் ரொம்ப ஒல்லியா இருக்குது, உங்கள எப்புடித் தூக்கும்? சாப்பாட்டுல காரம் ஜாஸ்தி மாதிரி பட்டுது. நெடியிலயே தெரிஞ்சுது.”



“கட்டிலுக்கு அலாய் வீலா, ஸ்போக் வீலா?” என்றார் தருமன். “அதையும் கேட்டுட்டு வந்திருக்கலாமே, பாய்.”

ஜியாவுல்லாவுக்கு முகம் சுட்டது.

“அவன் இப்புடித்தான்டா பேசிப் பேசியே பன்னண்டு வருஷத்த ஓட்டுனான்,” என்றார் தருமன். “என்னாலதான் அவன் எங்கயும் போவலன்னு ஊரே சொல்லுது. பத்தொம்பது வருஷமா அதையும் சேத்துத் தூக்கிக்கிட்டுத்தான் படுத்திருக்கேன். நீயும் என்னால போவலன்னு வெச்சுடாத. நான் அங்க போறேன். நீ கெளம்பு.”

“போறேண்ணா.”

“எப்போ?”

ஜியாவுல்லா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “புகழு கண்ணாடி ஒண்ணு பாக்கி இருக்குது. பாதி வேலையா கெடக்குது. ஜோடிய முடிக்காம கடைய விட்டுக் கெளம்ப எனக்கு மனசு வராது. அத முடிச்சுட்டு…”

“செத்தவனுக்கு எதுக்குடா கண்ணாடி?”

“அவருக்கு இல்லண்ணா. கடைக்கு. அப்புடியே விடக்கூடாது.”

“எவ்ளோ நேரம் ஆவும்?”

“ஏழு நிமிஷம்.”

“அப்போ நாளைக்கு முடிச்சுட்டு வா,” என்றார் தருமன். “முடிச்சுட்டு வந்து சொல்லு. நான் ஆர்த்தியக் கூப்புடுறேன்.”

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. வேலூரில் அந்தப் படுக்கை வேறொருவருக்குப் போய்விட்டது. இன்னொன்று காலியாகும்போது சொல்வதாக ஆர்த்தி சொல்லியிருக்கிறாள். வஜீதா உண்மையிலேயே ஒரு புதுப் பூட்டு வாங்கி, உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறாள். “கெளம்புறீங்களா, இல்ல இத நான் கடைல திருப்பிக் குடுத்துடட்டுமா?” என்று அவ்வப்போது கேட்கிறாள். எருமையின் சீட்டு மாற்றப்படவில்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜியாவுல்லா அதை எடுத்து மலையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து, ஷீட்டுக்கு அடியில் நிறுத்துகிறார். ஜன்னலில் தருமன் இருக்கிறார். “முடிஞ்சுதா?” என்று மட்டும் கேட்கிறார். வண்டியைக் கேட்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். “இந்த வாரம்ணா,” என்கிறார் ஜியாவுல்லா. பிறகு அலாரம் அடிக்கிறது.

போன வாரம் சாகில் மேஜையைச் சுத்தம் செய்யும்போது அந்த பிரேமையும் காகித உறையையும் எடுத்துவிட்டான். “மாமா, இது ஒரு கண்ணுதான் போட்டிருக்குது. நான் வெட்டிப் போட்டுடட்டுமா?”

“வெய்யி,” என்றார் ஜியாவுல்லா. “அது என் வேல.”

பிரேமும் உறையும் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கின்றன. இடது கண் லென்ஸ் பொருத்தியாகிவிட்டது. வலது கண் லென்ஸில் மைப்புள்ளி வைத்திருக்கிறது. இன்னும் வெட்டவில்லை.